நாவல் மரம் வெட்ட ஒரு நாள்

ஆற்றங்கரை மடத்தில் பூரணர் என்றொரு துறவி இருந்தார். அவருடைய சீடர் அம்பலவாணர் வயதில் குருவைவிட மூத்தவர். மடத்துக்கு வருவதற்கு முன் ஊர் ஊராகப் போய் ஜோசியம் பார்த்தவர். அவர் குறித்துக் கொடுத்த நாள் தப்பாது என்று பேர். அதனால் மடத்திலும் நாள் பார்க்க வருகிறவர்களை அவரிடமே அனுப்பினார்கள்.

ஒரு நாள் அய்யாக்கண்ணு என்ற குடியானவன் வந்தான்.

"சாமி, கொல்லையில ஒரு நாவமரம் நிக்குது. வெட்டணும். நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க."

"காய்க்கிற மரத்தை ஏன் வெட்டுகிறாய்?"

"எம்மவன் அதுலேருந்து விழுந்துதான் செத்தான். அது கண்ணு முன்னால நிக்கக் கூடாதுங்கறா எம் பொஞ்சாதி."

அம்பலவாணர் உச்சுக்கொட்டினார். பஞ்சாங்கத்தைப் பிரித்து, அடுத்த புதன்கிழமை என்றார்.

புதன் கழிந்து அய்யாக்கண்ணு மறுபடி வந்தான். கோடாலிக்காரனுக்குக் காய்ச்சலாம். அம்பலவாணர் வேறொரு நாள் சொன்னார். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதாம். இன்னொரு நாள் சொன்னார். அதுவும் போயிற்று.

"மரத்துல குருவி கூடு கட்டியிருக்கு சாமி" என்று வந்து நின்றான்.

அம்பலவாணருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாள் குறித்துக் கொடுப்பது என் வேலை. வெட்டுவதும் விடுவதும் உன் பாடு. போ."

அய்யாக்கண்ணு போகவில்லை. தலையைக் குனிந்தபடி நின்றான்.

வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பூரணர் வாளியை வைத்துவிட்டு வந்தார்.

"உன் மகன் அந்த மரத்தில் எங்கே உட்காருவான்?"

"தெக்கால போற கிளையில சாமி. உக்காந்து உக்காந்து அந்த எடம் மட்டும் வழவழன்னு ஆயிருச்சு. இன்னமும் அப்படியேதான் இருக்கு. நான் அப்பப்ப தடவிப் பாப்பேன்..."



"வெட்டாதே. நான் வேண்டாம் என்றதாக வீட்டில் சொல்" என்றார் பூரணர்.

அவன் காலில் விழுந்து எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனான்.

"அவன் பெண்டாட்டி சண்டைக்கு வருவாள் சுவாமி" என்றார் அம்பலவாணர்.

"வரட்டும்."

மறுநாள் காலையில் வந்துவிட்டாள். செல்லாயி என்று பெயர்.

"எந்தச் சாமி எங்க வீட்டு மரத்தை வெட்டக் கூடாதுன்னது?"

"நான்தான் அம்மா."

"பெத்தவ நானு. உங்களுக்கென்ன பிள்ளையா, குட்டியா? கதவத் தொறந்தா அதுதான் நிக்குது. அதை நீங்களா பாக்கறீங்க?"

அம்பலவாணர் எழுந்தார். பூரணர் கையமர்த்தினார். அவள் வாய் ஓயும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சா அந்த மனுசன் மரத்தடிக்குப் போயிடறாரு. சோறும் அங்கதான், படுக்கையும் அங்கதான். புள்ள போனதுலேருந்து அவனப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. நான் யாருகிட்ட போயி அழுவேன்?"

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பூரணர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடித்தாள்.

"தெற்குக் கிளையில் பையன் உட்கார்ந்த இடம் வழவழவென்று இருக்கிறதாமே?"

"யாரு சொன்னா?"

"உன் புருஷன்."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீ கேட்டாயா?"

செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்றைக்கு அவன் மரத்தடிக்குப் போகும்போது நீயும் போ. அந்த இடத்தைக் காட்டச் சொல்."

அவள் எழுந்து போனாள். கும்பிடக்கூட இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அம்பலவாணர் அய்யாக்கண்ணுவின் ஊர் வழியாக வரவேண்டியிருந்தது. கொல்லை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். செல்லாயி மகனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அழுதாள். அய்யாக்கண்ணு, "அது அப்ப இல்ல, அதுக்கு மொத வருசம்" என்று திருத்தினான். அவள் சண்டை பிடித்தாள்.

மடத்துக்குத் திரும்பியதும் அவர் பூரணரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்:

"முடிவாகச் சொல்லுங்கள் சுவாமி. அந்த மரத்தை வெட்டலாமா, கூடாதா?"

"மரத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?" என்றார் பூரணர்.