ரிஷ்வந்த் என்ன குடித்தார்?

மேலக்கரிசல் குடிநீர்த் தொட்டியில் புழு நெளிவதாகப் பயிற்சி நிருபர் தவமணி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். அவள் ஊர்தான். பதினோரு பிள்ளைகள் வாந்தி பேதியில் படுத்திருந்தார்கள். செய்தி ஆசிரியர் சிங்காரவடிவேலு மூன்றையும் கிழித்துப் போட்டார்.

“இதை யாரும்மா படிப்பா? உங்க ஊர்லதானே நடிகர் ரிஷ்வந்த் ஷூட்டிங்? அவர் என்ன சாப்பிட்டார், என்ன குடிச்சார்னு எழுதிட்டு வா. முதல் பக்கத்துல போடுறேன்.”

“ஒரு வரிகூட வெட்டாம போடுவீங்களா சார்?”

“கமாவைக்கூடத் தொடமாட்டேன். கிளம்பு!”

மறுநாள் தவமணி தெருக்குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, எங்கே பிடித்தது என்பதையும் சொல்லி, நடிகரிடம் நீட்டினாள். அவர் உள்ளே பார்த்தார். “ஐயோ, இதை மனுஷன் குடிப்பானா?” என்று திருப்பிக் கொடுத்தார்.

அதைத்தான் எழுதினாள். தலைப்பில் நடிகர் பெயர் இருந்ததால் ஆசிரியருக்கு வெட்ட மனம் வரவில்லை: “ரிஷ்வந்த் குடிக்க மறுத்த தண்ணீர், மேலக்கரிசல் தினமும் குடிக்கிறது.”

பத்திரிகை வந்த அன்று மதியத்துக்குள் அதிகாரிகள் வந்து தொட்டியைக் கழுவினார்கள். நல்ல தண்ணீர் லாரியும் வந்தது.

“பாத்தியா, நடிகர்னாதான் எடுபடும்!” என்றார் சிங்காரவடிவேலு.

“ஆமா சார். பதினோரு பிள்ளைங்க படுத்தும் வராத லாரி, அவர் முகம் சுளிச்சதும் வந்துடுச்சு.”