நாலு கிண்ணம் ரசம்

லாரி பின்னோக்கி வரும் 'பீப் பீப்' சத்தம் கேட்டதுமே, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் சூசையப்பன் வாசல் கூட்டுவதைப் பாதியில் நிறுத்தினார். கொசுவர்த்திக் கிடங்கில் இனி ஒரு பெட்டி வைக்க இடமில்லை. வந்ததோ ஆறாவது லாரி.

மேலாளர் தர்மராஜன் சென்னையில் உட்கார்ந்து தினமும் இருப்பைப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஒரு லாரி சரக்கு கேட்பார். அது வந்துசேர ஐந்து நாளாகும். மறுநாளும் இருப்பு குறைவாகத்தானே இருக்கும்? மறுபடி கேட்பார். இன்று நேரிலேயே வந்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாம் உள்ள போகணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்கய்யா. முதல்ல சாப்பிடுங்க."

சூசையப்பனே இலை போட்டுச் சோறு வைத்தார். சமையல்கட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம்.

"ரசம்," என்றார் மேலாளர்.

சூசையப்பன் சமையல்காரருக்குக் குரல் கொடுத்தார். "வருதுங்கய்யா."

"எங்கய்யா ரசம்?"

மறுபடி குரல் கொடுத்தார். மேலாளர் நாலு தடவை கேட்டார்; குரலும் நாலு தடவை போனது.

நாலு கிண்ணம் ஒரே தட்டில் வந்தது. சூசையப்பன் ஒன்றையும் விடாமல் இலையில் ஊற்றினார். சோறு மிதந்தது. ரசம் மேலாளர் மடியில் இறங்கியது.

"ஒரு ஆளுக்கு எத்தனை கிண்ணம்யா?"

"ஒண்ணுதாங்கய்யா. நீங்க இலையை மட்டும் பார்த்தீங்க. வழியில வர்றதைச் சேர்த்துக்கலை."

மேலாளர் வெளியே நின்ற லாரியைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"வழியில இன்னும் எத்தனை லாரிப்பா இருக்கு? நாலா? நாலையும் திருப்பு. இங்க நிக்கிறதையும் வேற கிடங்குக்கு அனுப்பு."

மடியைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வேலைக்கு வா," என்றார்.

சூசையப்பன் விளக்குமாற்றை எடுத்து, காலையில் பாதியில் விட்ட வாசலைக் கூட்டத் தொடங்கினார்.