எதுத்த வீட்டு அம்பு

ஒரு ஊர்ல... நம்ம ஊர் இல்ல, கடல் தாண்டி, மலை தாண்டி, சீன தேசத்துல ஒரு ஆத்தங்கரை ஊரு. அந்த ஊர்ல லியென்னு ஒருத்தி இருந்தா. வாத்து வளப்பா, முட்டை விப்பா. அவ புருஷன் உப்பு ஏத்திக்கிட்டுப் படகுல போனவன் போனவன்தான், வருஷம் ஓடுது, ஆளக் காணோம். ஆத்தோட போயிருப்பான்னு ஊரே சொல்லிருச்சு. இவ மட்டும், "வருவாரு. வந்தா இந்தக் கதவத்தானே தட்டுவாரு? நான் இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன்"ன்னு உக்காந்திருந்தா. பாவம், என்ன பண்ணுவா, அவளுக்கு இருந்தது அந்தக் கதவு ஒண்ணுதான்.

எதுத்தாப்புல குவோன்னு ஒரு பணக்காரன். பெரிய மாடி வீடு, ஓட்டுக் கூரை, கூரையோட மூலையெல்லாம் மேல தூக்கிக்கிட்டுக் கூர் கூரா நிக்கும். எல்லாம் இருந்தும் அவனுக்கு ஒரு ஏக்கம். என்னன்னு கேளு. நாம வீட்டுக்கு வாஸ்து பாக்குற மாதிரி அங்க காத்தும் தண்ணியும் பாப்பாங்க, ஃபெங் சுயின்னு பேரு. அதுக்குன்னு ஒரு வாத்தியாரு, நீளத் தாடியும் திசை பாக்குற தட்டுமா அலைவாரு. அவரு குவோகிட்ட சொல்லிட்டாரு: "வீட்டுக்குப் பின்னால மலை இருக்கணும், முன்னால தண்ணி தெரியணும். உங்களுக்கு மலை இருக்கு. ஆறும் இருக்கு. ஆனா நடுவுல அந்த வாத்துக்காரி வீடு மறைக்குதே!"

அவ்வளவுதான், குவோவுக்குச் சோறு எறங்கல. போய்க் கேட்டான், "ஏம்மா, வீட்ட வித்துரு." அவ, "மாட்டேண்ணே." அதட்டிக் கேட்டான், "மாட்டேண்ணே." கெஞ்சிக் கேட்டான், அதுக்கும் "மாட்டேண்ணே." அப்புறம் வாத்தியார்கிட்ட வந்தான். "யோவ், அவ வீட்டுல கெட்டது பூந்துருச்சுன்னு சொல்லிப் பயமுறுத்து. தானா ஓடிருவா." "அய்யய்யோ, நான் பொய் சொல்றதா?"ன்னு வாத்தியாரு காதப் பொத்துனாரு. பொத்திக்கிட்டே, குவோ குடுத்த பன்றித் தொடையையும் வாங்கிக்கிட்டாரு. எப்படிப் பொத்திக்கிட்டே வாங்குனாருன்னு கேக்காத, பெரிய மனுஷங்களுக்கு அதெல்லாம் வரும்.

அப்புறம் வாத்தியாரு லியென் வீட்டுக்கு வந்து, தட்டத் திருப்பித் திருப்பிப் பாத்து, "அடக் கடவுளே!"ன்னாரு.

"என்னங்க வாத்தியாரய்யா?"

"எதுத்த வீட்டு வாசல்லேருந்து உன் கதவு வரைக்கும் பாதை நேரா வருது பாரு. கெட்டது எப்பவும் நேராத்தான் வரும்மா. இது பாதை இல்ல, விஷ அம்பு! நீ இங்க இருக்காத."

லியென் நடுங்கிப் போனா. வீட்ட விட்டா அந்த மனுஷன் எங்க வந்து தேடுவாருன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. கண்ணத் தொடச்சுக்கிட்டே கேட்டா: "இதுக்குப் பரிகாரம் இல்லீங்களா? உங்களுக்குத் தெரியாததா?"

அங்கதான் கெட்டுச்சு காரியம். பரிகாரம் தெரியாதுன்னு எந்த வாத்தியாராவது சொல்லுவாரா? தாடியத் தடவிக்கிட்டு, "பாதைய வளைச்சு விடு. கெட்டதுக்கு வளையத் தெரியாது"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டாரு. லியென் மறுநாளே தன் முற்றத்துப் பாதையப் பாம்பு மாதிரி வளைச்சுட்டா. ஆத்துக்கு நேராப் போன சனமெல்லாம் இப்ப சுத்திப் போச்சு, சுத்திப் போறப்போ முட்டைக் கூடையப் பாத்துச்சு, பாத்ததுக்கு ரெண்டு வாங்கிட்டுப் போச்சு.

குவோ பல்லக் கடிச்சான். "போய்யா, இன்னொண்ணு சொல்லு!"

அப்புறம் வாத்தியாரு மறுபடி வந்தாரு. "அடக் கடவுளே! அம்பு வளைவத் தாண்டிக் குதிக்குதே!" "பரிகாரம் இல்லீங்களா, உங்களுக்குத் தெரியாததா?" "அது... கெட்டதுக்குத் தண்ணி தாண்ட வராது. கதவுக்கு முன்னால ஒரு குளம் வெட்டு." லியென் மம்பட்டிய எடுத்தா, வெட்டுனா, கழுத்தளவுக்கு வெட்டுனா. வாத்துங்களுக்கு வந்த கொண்டாட்டத்தப் பாக்கணுமே! முட்டை பெருத்துச்சு, வாத்தும் பெருத்துச்சு.

குவோ தலையில அடிச்சுக்கிட்டான். "உன்ன அவள விரட்டச் சொன்னேனா, வாழவைக்கச் சொன்னேனா?" வாத்தியாரு, "என் தொழில் மரியாதை என்னாகுறது?"ன்னு முறைச்சாரு.

அப்புறம் மூணாந்தரம் வந்தாரு. "அடக் கடவுளே! குவோ வீட்டுக் கூரை மூலை உன் கதவையே பாத்துக் குத்துது! இதுக்குத் தப்பவே முடியாது!" "பரிகாரம் இல்லீங்களா? உங்களுக்குத் தெரியாததா?" மனுஷன் உதட்டக் கடிச்சுப் பாத்தாரு, தாடிய வாயில திணிச்சும் பாத்தாரு. முடியல. "கதவுக்கு மேல எட்டு மூலைக் கண்ணாடி மாட்டு! வர்ற கெட்டது வந்த வழியே திரும்பிப் போயிரும்!"

லியென் மாட்டிட்டா. மறுநாள் காலையில குவோ சன்னலத் தொறந்தா, கண்ணாடி பளிச்சுன்னு அவன் மூஞ்சியிலேயே அடிக்குது.

மொதல்ல சிரிச்சான். அன்னைக்குக் கஞ்சி அடி பிடிச்சுச்சு, சிரிப்பு நின்னுச்சு. மறுநாள் கடவாப் பல்லு வலிச்சுச்சு. அதுக்கு மறுநாள் அவன் வளத்த பூனை லியென் வீட்டுக்குக் குடி போயிருச்சு. அங்க முட்டை இருக்கு, பூனை போகாதா? அதெல்லாம் அவனுக்குத் தோணல. வாத்தியாரத் தேடி ஓடினான்.

"யோவ், அந்த அம்பு பொய்தானே?"

"பொய்தான். நீங்க சொல்லச் சொன்னீங்க, நான் சொன்னேன்."

"அப்ப அந்தக் கண்ணாடி?"

வாத்தியாரு குரலத் தாழ்த்திக்கிட்டாரு. "அய்யா, அம்புதான் பொய். கண்ணாடி நெசம்."

"அடப்பாவி! இதுக்குப் பரிகாரம்?"

"உங்க கூரை மூலையத்தான் இடிக்கணும்."

இடிச்சான்! சொந்தக் கூரைய, சொந்தக் கையால, ஏணி போட்டு ஏறி இடிச்சான். அன்னைக்கே புடிச்சுது மழை. ஓட்டை வழியா வந்து படுக்கையில கொட்டுது, பட்டு மெத்தையில கொட்டுது, அவன் மண்டையில கொட்டுது. ராத்திரி பூரா சட்டியும் பானையும் ஏந்திக்கிட்டு உக்காந்திருந்தான்.

விடிஞ்சு மழை விட்டுச்சு. குவோ ஒரு தடியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான். "அந்தக் கண்ணாடிய ஒடைக்கல, என் பேரு குவோ இல்ல!" லியென் வாசல்ல நின்னு பாத்தா. "அண்ணே, நேரா வராதீங்க, சுத்தி வாங்க!"

"எனக்கு வழி சொல்றியா நீ?"

"அய்யோ அண்ணே, சுத்தி வாங்கண்ணே!"

சுத்தி வந்தா அவன் குவோவா? நேரா வந்தான். அவனுக்குப் பின்னால மலை மேல சூரியன் ஏறுது, கண்ணாடி அத வாங்கிப் பளிச்சுன்னு அவன் கண்ணுல அடிக்குது, காலு எங்க போகுதுன்னு தெரியல, தொபுக்கடீர்! கழுத்து வரைக்கும் சேத்துத் தண்ணி, தலை மேல ஒரு வாத்து. முன்னால தண்ணி தெரியணும்னு தவங்கெடந்தானே, மூக்கு வரைக்கும் தெரிஞ்சுது.

ஊரே கூடிச் சிரிச்சுது. லியென் மட்டும் சிரிக்கல. கையெடுத்துக் கும்பிட்டா. "வாத்தியாரய்யா சொன்னது எழுத்துக்கு எழுத்துப் பலிச்சிருச்சே! கெட்டது நேராத்தான் வரும்னாரு, நேரா வந்துச்சு. தண்ணி தாண்டாதுன்னாரு, தாண்டல!" அப்புறம் கொம்ப நீட்டி அவன வெளிய இழுத்துவிட்டா. அதுக்கப்புறம் குவோ அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கல, வீட்டக் குடுன்னு வாயும் தொறக்கல.

புருஷன் என்ன ஆனான்னுதானே கேக்குற? வந்தான், ஒரு சாயங்காலம் மெலிஞ்சு கறுத்து வந்தான். வளைஞ்ச பாதையப் பாத்து முழிச்சான், ஆனா கதவு அதே கதவு. வாத்தப் பாத்துக்கிட்டே பதவிசாச் சுத்தி வந்து தட்டுனான். அவ அழுத அழுகையில வாத்தெல்லாம் கரையேறிருச்சு.

அதுக்கப்புறம் ஊர்ல யாரு வீட்டுல கெட்டதுன்னாலும் வாத்தியாரக் கூப்புடல, லியெனத்தான் கூப்புட்டாங்க. அவ தட்டும் பாக்க மாட்டா, திசையும் பாக்க மாட்டா. ஒரே ஒரு கேள்விதான் கேப்பா: "எதுத்த வீட்டுல யாரு இருக்கா?"

வாத்து கூட்டுக்குப் போச்சு, கதை வீட்டுக்குப் போச்சு, நீ பாய்க்குப் போ.