இலைக்கு முன்னே பூத்த பேரி

அந்தக் காலத்தில் மரத்துக்கும் பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுத்தான். மலை மேலே, மேகம் வீட்டுக்குள் வந்து போகும் உயரத்தில், ஏழு வீடுகள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. மார்கழியும் தையும் அங்கே கொடிய மாதங்கள். பொழுது விடிந்தால் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல உறைபனி வெளுத்துக் கிடக்கும். வாசலில் வைத்த பானைத் தண்ணீர் கல்லாய் இறுகியிருக்கும். அந்த நாட்களில் எந்தச் செடியும் மொட்டைத் திறக்காது. திறந்த பூ மறுநாள் இருக்காது.

பனி போய்விட்டதா இல்லையா என்று செடிகளுக்குச் சொல்ல ஒரு பறவை இருந்தது. அதைப் பூங்குருவி என்பார்கள். கருத்த உடம்பு, வெயில் பட்டால் இறக்கையில் நீலம் ஓடும். அதன் குரல் ஆள் சீழ்க்கையடிப்பதுபோலவே இருக்கும். தினமும் விடியலில் அது மலை முகட்டுக்குப் பறந்துபோய்ப் பார்க்கும். புல் வெளுத்திருந்தால் வாய் திறக்காமல் திரும்பிவிடும். புல் வெறும் ஈரமாய்க் கிடந்தால் ஊருக்கு மேலே வந்து நீளமாக ஒரு சீழ்க்கை அடிக்கும். "போயிடுச்சு" என்று அதற்குப் பொருள். அதைக் கேட்டதும் ஏழு வீட்டுத் தோட்டமும் ஒரே காலையில் பூக்கும். பனிக்கு முன்பே விதைத்து மொட்டோடு காத்திருக்கும் அவரை பூக்கும். காட்டு ரோஜா பூக்கும். பேரி மரம் மட்டும் அவசரப்படாது. முதலில் இலை விட்டு, அந்த இலைகளுக்குள்ளே ஒளித்துவைத்துப் பூக்கும்.

கடைசி வீட்டில் சடையனும் அவன் மனைவி பொம்மியும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. சடையன் காட்டுக்குப் போனால் தலையில் விறகு இருக்கிறதோ இல்லையோ, கையில் வேரோடு ஒரு செடி இருக்கும். வீட்டின் பின்னால் பாறை கிடந்த சரிவை அவன் ஒருவனாகவே உடைத்து மண் போட்டுத் தோட்டமாக்கினான். அவன் மண்வெட்டி போடும் இடத்துக்கெல்லாம் பூங்குருவி பின்னாலேயே தத்தி வந்து புழு பொறுக்கும். "ஒதுங்கு, கால்ல வெட்டிரப் போறேன்" என்று அவன் அதட்டுவான். அது ஒதுங்காது.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் நனைந்தவனுக்கு இருமல் பிடித்தது. மார்கழியில் இருமலோடு ரத்தம் வந்தது. கீழூரிலிருந்து ஏறி வந்த வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, பொம்மியை வெளியே கூப்பிட்டார்.

"தை தாண்டாதும்மா. அவன் கேக்கறதைக் கொடு."

அவன் கேட்டது ஒன்றுதான். தினமும் கண் விழித்ததும் கேட்பான்.

"பூத்துருச்சா புள்ள?"

"இன்னும் இல்ல மாமா."

"சரி. நாளைக்குப் பூக்கும்."

நாளைக்கும் புல் வெளுத்திருந்தது. அதற்கு மறுநாளும். அவன் கேட்கும் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒருநாள் காலையில் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அன்று பொம்மி தோட்டத்து வேலியருகே போய் நின்று பூங்குருவியைக் கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு தடவை சீழ்க்கை அடி. அவரு கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

பூங்குருவி பதறிப்போயிற்று. "முகட்டுல புல்லு இன்னும் வெளுத்துத்தான் கிடக்கு பொம்மி. நான் இதுவரைக்கும் இல்லாததைச் சொன்னதில்ல."

"எனக்காகக் கேக்கல."

"ஊரு இருக்கே. ஏழு வீடு."

"நீ உள்ள வந்து அவரைப் பாரு. பாத்துட்டு முடியாதுன்னு சொல்லு. நான் விட்டுடறேன்."

பறவை கூரை இடுக்கு வழியாக உள்ளே வந்து விட்டத்தில் உட்கார்ந்தது. கீழே கம்பளிக்குள் கிடந்தவனை அதற்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மண்வெட்டி பிடித்த கை குச்சியாய் வெளியே கிடந்தது. சடையன் கண்ணைத் திறந்து பார்த்து, "புழுவெல்லாம் நல்லாக் கிடைக்குதா?" என்று ஈனக்குரலில் கேட்டான்.

வெளியே வந்து அது பொம்மியிடம் சொன்னது: "ஒரு பகல் மட்டும். பொழுது சாயறதுக்குள்ள நான் திரும்ப வந்து, தப்பாச் சொல்லிட்டேன், மூடிக்கங்கன்னு சொல்லிடறேன். மூடிக்கும்ல?"

பறவைக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. பொம்மிக்கு இருந்தது. திறந்த பூ மூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் விடியலில் பூங்குருவி முகட்டுக்குப் போகாமலே ஊருக்கு மேலே பறந்து சீழ்க்கை அடித்தது.

மலை ஒருமுறை மூச்சு இழுத்தது. காட்டு ரோஜா வேலியெங்கும் வெடித்தது. அவரை ஊதா ஊதாவாய்ப் பூத்தது. பேரி மரம் வழக்கத்தை விட்டு, ஒரே காலையில் இலையும் பூவும் சேர்த்தே விட்டது. அதன் வாழ்நாளில் அது பயத்தை விட்டது அன்றைக்குத்தான். தேனீக்கள் பொந்துகளிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்தன. ஏழு வீட்டுச் சனமும் வாசலுக்கு ஓடி வந்தது. பக்கத்து வீட்டு ஒச்சாயி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து அவரைப் பந்தலைப் பார்த்து, "இந்த வருஷம் சீக்கிரமே கஞ்சிக்குக் காய் வந்துரும்டி" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

பொம்மி கணவனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பேரி மரத்தடியில் உட்கார வைத்தாள். அவன் ஒவ்வொரு செடியாகப் பார்த்தான். ஒரு தேனீ அவன் முழங்கையில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிற்று. அவன் சிரித்தான். "போன வருஷம் நட்ட மூலையில கூட வந்திருக்கு பாரு. செத்துப் போச்சுன்னு நெனச்சேன்." ரோஜா ஒன்றை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். பொம்மிக்கு, இது போதும் என்று இருந்தது.

பிறகு அவன், தோட்டக்காரன் செய்வதுபோல, யோசிக்காமலே கையைக் கீழே மண்ணில் வைத்தான். கை அங்கேயே நின்றது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். மேகம் ஒன்றுகூட இல்லை. காற்று அசையவில்லை.

"மண்ணு இன்னும் கல்லா இருக்கு. யாரு எழுப்பினது இதுங்களை?"

அவள் அவன் தோளிலிருந்து நழுவிய கம்பளியை இழுத்துவிட்டாள்.

"பொம்மி."

"நான்தான் மாமா. குருவிகிட்டக் கெஞ்சினேன். நீங்க பாக்கணும்னு..."

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையிலிருந்த ரோஜாவைத் தரையில் வைத்துவிட்டு, "எத்தனை வீட்டுல பூத்திருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

"எல்லா வீட்லயும்."

"போயி எல்லார்கிட்டயும் சொல்லு. துணி, சாக்கு, வைக்கோல், எது இருக்கோ எடுத்து மூடச் சொல்லு. மேகமும் இல்ல, காத்தும் இல்ல; இன்னிக்கு விழற பனி சாதாரணமா இருக்காது."

பொம்மி வீடு வீடாகப் போனாள். "ராத்திரி எதுக்கும் மூடி வச்சிருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "பூங்குருவியே சொல்லிடுச்சு. உனக்கென்னடி பயம்?" என்றாள் ஒச்சாயி. குருவி சொன்னது பொய், சொல்ல வைத்தது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பூ பார்த்த சந்தோஷத்தில் இருந்த அந்த முகங்களைப் பார்த்து அவளுக்கு நாக்கு எழவில்லை. திரும்பி வந்து, "சொல்லிட்டேன் மாமா" என்றாள்.

வெயில் இறங்கும்போது பூங்குருவி வந்தது. "தப்பாச் சொல்லிட்டேன், மூடிக்கங்க" என்று தோட்டம் தோட்டமாகக் கத்தியது. செடிகள் அதைப் பரிதாபமாகப் பார்த்தன. "எங்களுக்கு மூடத் தெரியாதே" என்றது அவரைக்கொடி. பறவை பொம்மியின் முகத்தைப் பார்த்தது. அவளுக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

காது மடல் வலிக்கும் அளவுக்குக் குளிர் இறங்கியதும் பொம்மியால் பொறுக்க முடியவில்லை. இருந்த சேலைகளையெல்லாம் செடிகள் மேலே போட்டாள். கணவனை அடுப்பருகே படுக்க வைத்து, கம்பளியை இழுத்து மூடிவிட்டு, ஒச்சாயி வீட்டுக்கு ஓடினாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள். ஊர் கூடிவிட்டது. ஆண்கள் வைக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போட்டார்கள். பொம்மியும் வீடு வீடாக ஓடி, கிடைத்த துணியையெல்லாம் விரித்தாள். ஆனால் தொடும்போதே பூக்கள் கண்ணாடிபோல் விறைத்திருந்தன.

பொழுது விடிந்தபின் வீடு திரும்பினாள். அடுப்பருகே அவன் இல்லை.

சடையன் பேரி மரத்தடியில் இருந்தான். மரம் இளசு, அவன் தோள் உயரம்தான். தன் கம்பளியை அதன் தலையோடு போர்த்தி, அது நழுவாதபடி இரண்டு கையாலும் அடிமரத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் தலைமுடியில் பனி வெளுத்திருந்தது. அந்தக் கைகளைப் பிரிக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

வெயில் ஏறியதும் ஏழு தோட்டமும் வெந்த கீரைபோலக் கறுத்துச் சாய்ந்தன. கம்பளிக்குள் இருந்த பேரி மட்டும் இலையும் பூவும் உதிர்த்துவிட்டு உயிரோடு நின்றது. நாள் முழுக்க நடக்கும் இடமெல்லாம் விறைத்துச் செத்த தேனீக்கள் காலடியில் நொறுங்கின. அந்த வருஷம் அவரை இல்லை, பட்டாணி இல்லை, கூடையில் கொட்ட ஒரு பழமும் இல்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் கீழே இறங்கிப் போனவர்கள் திரும்பவில்லை. சித்திரையில் ஒச்சாயிக்குப் பால் வற்றியது. வைகாசியில் அவள் கைக்குழந்தை போயிற்று. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த வழியில் அவள் பொம்மியின் வேலியருகே நின்றாள்.

"உன் புருஷன் ஒரு பகல் பூ பாத்தான். அவ்வளவுதானேடி?"

அதற்கு மேல் நிற்காமல் நடந்தாள். ஊர் பொம்மியை விரட்டவில்லை. ஆனால் அவள் வீட்டிலிருந்து யாரும் நெருப்பு வாங்கவில்லை, அவளுக்கு யாரும் கொடுக்கவுமில்லை.

அடுத்த தை முடிந்தது. பூங்குருவி முகட்டுக்குப் போய்ப் பார்த்தது. புல் ஈரமாய்க் கிடந்தது. நிஜமாகவே பனி போயிருந்தது. அது ஊருக்கு மேலே வந்து சீழ்க்கையைத் தொடங்கியது. பாதியில் கம்பளியைக் கட்டிப்பிடித்திருந்த சடையனின் கைகள் நினைவுக்கு வந்தன. குரல் வழுக்கிக் கீழே போயிற்று. மறுபடி தொடங்கியது, மறுபடி உடைந்தது. செடிகள் கேட்டன. ஒன்றும் அசையவில்லை. இனி அதன் வாயை நம்பி எந்த மொட்டும் திறக்காது. பறவை அருவியோரத்து இருட்டுக்குள் போய் மறைந்துகொண்டது.

பனிக்கு முன்பே விதைக்க ஊரில் விதை மிஞ்சவில்லை; இனி எப்போது விதைப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. கீழூரில் கடன் கேட்டு வாங்கி வந்த விதை ஒரு பிடிதான். அதுவும் கருகினால் அடுத்து ஒன்றுமில்லை.

பொம்மி மெலிந்து போயிருந்தாள். ஒருநாள் பேரி மரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தபோது மரம் பேசியது.

"நான் பூக்கப் போறேன்."

"வேண்டாம்" என்று அவள் எழுந்துவிட்டாள். "பனி போயிடுச்சான்னு யாருக்குத் தெரியும்? எனக்காகப் பூக்காதே. எனக்குப் பாக்கத் தகுதியில்ல."

"உனக்காக இல்ல. ஊருக்கு யாராவது சொல்லணும். வாயால சொன்னா பொய்யாகும். நான் உடம்பால சொல்றேன். இலையை உள்ளேயே வச்சுக்கறேன். பூவை மட்டும் முதல்ல அனுப்பறேன். பனி இருந்தா பூ மட்டும் கருகட்டும், நான் பிழைச்சுக்கறேன். இல்லேன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"வலிக்காதா?"

"வலிக்கும்" என்றது மரம். அதற்குப் பிறகு அது யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் காலை, ஓர் இலைகூட இல்லாத அந்தக் குச்சி மரம் அடியிலிருந்து நுனிவரை வெள்ளையாய்ப் பூத்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பனி பிடித்திருக்கிறது என்றே நினைத்தார்கள். ஒச்சாயி வந்து வேலியருகே நின்று பார்த்தாள். பொம்மியிடம் பேசவில்லை. இரண்டாம் நாள் வந்தாள், மூன்றாம் நாளும் வந்தாள். பூ கருகவில்லை. மடியிலிருந்த விதையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே தன் நிலத்துக்குப் போய்க் குனிந்தாள். அவளைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் மண்ணைக் கிளறினார்கள். தன் வாசலில் நின்று பொம்மி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

பூங்குருவி இன்றும் ஓடையோரத்து நிழலில்தான் இருக்கிறது. விடியலில் ஏதோ சொல்ல வருவதுபோலச் சீழ்க்கையைத் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிடுகிறது. பேரி மரம் அந்த வருஷம் தொடங்கித்தான் இலைக்கு முன்னே, வெறும் கொம்பில், குளிரிலேயே பூக்கிறது. மலைக்காரர்கள் அன்று முதல் அதைப் பார்த்துவிட்டுத்தான் விதைக்கிறார்கள். பூ கருகிப்போன வருஷம், எடுத்த விதையை மறுபடி முடிந்து வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் போகிறார்கள்.