எந்த ஓ.எஸ். நல்லது, குருவே?

ஜெபசிங்கோட குரு அவரைவிடப் பதினேழு வயசு சின்னவ. பேரு இசக்கியம்மாள். ரெண்டு பேரும் பாளையங்கோட்டையில ஒரே ஆபீஸ்ல புரோகிராம் எழுதுறவங்க. பேங்க் வேலைய விட்டுட்டு லேட்டா வந்த மனுசனுக்கு முதல் வரியில இருந்து சொல்லிக்கொடுத்தது அவதான். அதனால 'குருவே'ம்பாரு. கேலியாத்தான் ஆரம்பிச்சாரு, அப்புறம் நெசமாவே ஒட்டிக்கிச்சு.

அன்னிக்கு மத்தியானம் லேப்டாப்பும் கையுமா அவ மேசைக்கு வந்தாரு.

"குருவே, ஒரே கேள்வி. எந்த ஓ.எஸ். நல்லது? விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?"

"யாருக்கு அண்ணாச்சி?"

"பொதுவா கேக்கேன்."

"அந்தப் பேர்ல யாரையும் எனக்குத் தெரியாதே."

அவர் யாருக்காகக் கேக்குறாருன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அவருக்கு இருக்குறது ஒரே அண்ணன், தாசன். தொண்டையில புற்றுநோய். ஆபரேசன் பண்ணா குரல் போயிரும்னு டாக்டர் சொன்னதும், ஜெபசிங் அண்ணனை உக்கார வச்சு வார்த்தை வார்த்தையா ரெக்கார்ட் பண்ணினாரு. 'தண்ணி.' 'வலிக்கு.' 'ஏல ஜெபா.' வார்த்தைக்கு ஒரு படம், அதை அமுக்குனா அண்ணன் குரல்லயே பேசுற மாதிரி ஒரு புரோகிராம். ஆபரேசன் முடிஞ்சு வந்ததும், அண்ணனோட பழைய விண்டோஸ் லேப்டாப்ல அது பேசவும் செஞ்சிது! கொஞ்சம் திக்கித் திக்கி. தாசன் 'ஏல ஜெபா'வ மட்டும் அமுக்கி அமுக்கி, சத்தமே இல்லாமச் சிரிச்சாரு.

அந்தத் திக்கல்தான் ஜெபசிங்குக்குப் பொறுக்கல.

"விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டேன். பறக்குது குருவே! ஆனா சத்தம் வரல, ஸ்பீக்கர் ஒத்துழைக்கல. சரின்னு என் மேக்ல முதல்ல இருந்து எழுதினேன். அழகுன்னா அப்படியொரு அழகு. அதை அண்ணன் லேப்டாப்ல போட முடியாது. அதான் இப்ப ஆண்ட்ராய்டு..."

"இப்ப அண்ணன் எப்படிப் பேசுதாவ?"

"சிலேட்டுதான். மருந்து ஏத்துனதுல இருந்து கை நடுங்குது. அதான் இவ்ளோ அவசரமா கேக்கேன்."

லேப்டாப்ல ஏதோ டவுன்லோடு இறங்கிட்டு இருந்துச்சு. அதுல இருந்து கண்ணை எடுக்காமயே அவர் பேசிட்டுப் போனாரு. விண்டோஸ்னா அப்டேட் தொல்லை, லினக்ஸ்னா நம்ம இஷ்டம், மேக்னா காசு...

இசக்கி எந்திரிச்சுப் போயி, பக்கத்துல இருந்த வெள்ளைப் பலகையில ஒரு வரி எழுதினா. ஒதுங்கி நின்னா. அவர் நிமிரவே இல்ல. அப்புறம் துடைச்சிட்டு வந்து உக்காந்துட்டா.

மார்க்கர் வாடைக்குத்தான் ஜெபசிங் நிமிர்ந்தாரு.

"என்ன குருவே, எதோ எழுதுனியாம்மா?"

"ஆமா. நீங்க கேட்டதுக்குப் பதிலு."

"அடடா, பாக்கலியே! இன்னொரு தடவ எழுதேன்."

"கை வலிக்கு அண்ணாச்சி."

"ஒரு வரிக்கா? நல்ல குருவப் பிடிச்சேன் போ!"

சிரிச்சாரு. சிரிப்பு பாதியிலயே நின்னுபோச்சு.

அன்னிக்குக் காலையில வீட்டுல அண்ணன் எதையோ எழுதிச் சிலேட்டை நீட்டினாரு. 'ஒரு நிமிசம்ணே, இது இறங்கி முடியட்டும்'னாரு இவரு. நிமிர்ந்து பாத்தப்ப சிலேட்டுல அழிச்ச ஈரம் மட்டும் இருந்துச்சு. திரும்ப எழுதுங்கன்னதுக்கு, தாசன் நடுங்குற கையத் தூக்கிக் காட்டிட்டு, பரவால்லன்னு தலையாட்டிட்டு, கண்ணை மூடிக்கிட்டாரு.

ஜெபசிங் அவசரமா போனை எடுத்தாரு. அண்ணன் பேர் வரைக்கும் போன விரல், அதைத் தொடாம அங்கயே நின்னுச்சு.

போனைக் கீழ வச்சிட்டுக் கேட்டாரு:

"காலையில அண்ணன் சிலேட்ட நீட்டுனாவ, நான் பாக்கல. என்ன எழுதியிருப்பாவ குருவே?"

இசக்கி அவரோட லேப்டாப்பை மெதுவா மூடினா.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நீங்கதான பக்கத்துல இருந்திய."