காட்டுப்பன்றியின் முதுகும் கழுதையின் விளக்கமும்

ஒரு குளக்கரையில் சொரசொரப்பான பாறை ஒன்று இருந்தது. சேற்றில் புரண்டெழுந்த காட்டுப்பன்றி, அதில் முதுகைத் தேய்த்து உண்ணிகளை உதிர்த்துவிட்டுப் போனது. அந்தக் காட்டில் முதுகு சொறிய வேறு பாறை கிடையாது.

ஒட்டிய சேறு காய்ந்தது. பாறையில் ஏதோ உருவம் தெரிந்தது.

"அடடா, தேன்கூடு!" என்று சப்புக்கொட்டியது கரடி.

"தேன்கூடாவது! நல்லாப் பாரு, என் தோகை!" என்றது மயில்.

"ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா? பலாப்பழம்!" என்று குதித்தது குரங்கு.

சத்தம் கேட்டு ஒரு வெள்ளைக் கழுதை வந்தது. பட்டணத்து ஓவியக் கண்காட்சிக்குப் படங்களைச் சுமந்த கழுதை அது. முதுகில் ஏற்றிய ஒரு படத்தைக்கூட அது பார்த்ததில்லை. அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

"நான் சுமக்காத ஓவியமா!" என்று காதை நிமிர்த்தியது கழுதை. "இது வெறும் படமல்ல. வெட்டவெளியின் விம்மல்!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதனால் எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து கழுதை பாறைக்குக் காவல் நின்றது. விளக்கம் கேட்க வந்தவர்கள் இளம்புல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் பன்றி ஓடிவந்தது.

"வழி விடுங்கப்பா! முதுகு அரிப்பு உயிர் போகுது!"

"தொடாதே!" என்று உதைக்கப் போனது கழுதை. "கலைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அட, அதைப் போட்டதே என் முதுகுதான்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்படியா? அதுக்கு என்ன அர்த்தம், சொல்லு பார்ப்போம்!"

"அரிப்பு!"

"கேட்டீங்களா ரசனையை!" என்று கனைத்தது கழுதை. பன்றியை விரட்டிவிட்டார்கள்.

பாவம் பன்றி! உண்ணிக்கடியில் அதற்குத் தூக்கமே இல்லை. மரத்தில் தேய்த்தது, புதரில் தேய்த்தது. அரிப்பு கூடியதுதான் மிச்சம்.

ஒரு மத்தியானம் அது பொறுக்க முடியாமல் சேற்றில் புரண்டு, நேரே பாறைக்கு ஓடியது. புல் தின்ற மயக்கத்தில் கழுதை பாறையை மறைத்தபடி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பன்றி யோசிக்கவில்லை. கழுதையின் விலாவிலேயே முதுகை வைத்து அழுத்தித் தேய்த்தது!

கழுதை திடுக்கிட்டு விழித்தது. அதற்குள் சேறு நன்றாக அப்பிவிட்டது.

"புது ஓவியம்!" என்று ஓடிவந்தது குரங்கு. "இதுவும் பலாப்பழம்!"

"என் தோகை!" என்றது மயில்.

"வழி விடுங்க, குளத்துல கழுவணும்!" என்று பாறையை விட்டுக் குளத்தை நோக்கி ஓடியது கழுதை.

"கழுவுறதா? அசையாதே!" என்று எல்லாரும் சுற்றி வளைத்தார்கள்.

"ஐயோ, இது வெறும் சேறு! எனக்கு அரிக்குது!"

"கலைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று அதட்டிய கரடி, நாக்கை நீட்டிக்கொண்டு தேன்கூட்டை நெருங்கியது.

பாறைப் பக்கம் யாருமே இல்லை. பன்றி கண்ணை மூடிக்கொண்டு, ஆசை தீர முதுகைத் தேய்த்தது.

தன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு; ஆனால் அதை அடுத்தவர் முதுகில் ஏற்றுகிறவர், ஒருநாள் தன் முதுகையும் கொடுக்க வேண்டிவரும்.