மூலைக்காட்டில் மூன்று போர்பன்

ஏற்காடு மலையில் மூலைக்காடு என்று ஓர் ஊர். காப்பி விளையும், மிளகு விளையும், பலா விளையும். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி யாராவது மூளைக்காடு என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. அங்கே அந்தப் பயிர் மட்டும் வந்ததே கிடையாது.

அந்த ஊரின் அறிவாளி திருமேனி. மற்றவர்கள் எந்த அளவில் இருந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மிளகு குடோனில் மேஸ்திரியாக இருந்தவர், இந்தத் தை மாதம் அந்த வேலையை விட்டுவிட்டார். காரணம், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை வீட்டுக்காரர் குலசேகர். மலையில் ஒரு சொகுசு விடுதி கட்டிக்கொண்டிருந்த குலசேகர், குளிர்காலத்தில் வருகிறவர்களுக்காக அதில் ஒரு பாரும் வைக்கப்போகிறார். அந்த பாருக்கு மேனேஜர் வேண்டும் என்று அவர் சாப்பிடும்போது சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் திருமேனி தன்னை மேனேஜராகவே நினைக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாளே சேலத்துக்குப் போய்க் கறுப்புக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்தார்.

குலசேகருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மூன்று பாட்டில்களைத் திருமேனி கையில் கொடுத்தார்.

"மச்சான், இது மூணும் போர்பன்."

"பிஸ்கட்டுங்களா?" என்றான் கோதண்டபாணி. திருமேனி எங்கே போனாலும் கூடவே போகிற இருவரில் இவன் ஒருவன். இன்னொருவன் வேதமுத்து.

"விஸ்கி. அமெரிக்காவுல மக்காச்சோளத்துல காய்ச்சறது. குளிருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஒரு மடக்கு உள்ள போனா கம்பளியே வேண்டாம். மூணையும் குடிச்சுப் பாருங்க. எது ஒசத்தின்னு நான் வந்ததும் சொல்லணும். பேரைப் பாத்து மயங்கிடக் கூடாது, அதனால லேபிள் கண்ணுல படக் கூடாது. தெறந்ததும் குடிச்சிடாதீங்க, கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க. முதல் மடக்கு மூக்குக்கு, அப்புறந்தான் வாய்க்கு. ரொம்பக் காட்டமா இருந்தா ஒரு சொட்டுத் தண்ணி விட்டுக்கலாம். கடைசியா மூணையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க, அப்பத்தான் வித்தியாசம் புரியும். நீங்க சொல்ற தீர்ப்பு சரியா இருந்தா பார் உங்க பொறுப்பு."

"நீங்க சொன்னதுல ஒரு எழுத்து மாறாது மாப்ளே," என்றார் திருமேனி. அதுதான் வினையாகப் போயிற்று.

கார் மறைந்ததும் மூவரும் லேபிளில் கை வைத்தார்கள். பாட்டிலின்மேல் ஒரு துணியைச் சுற்றியிருந்தால் போதும். ஆனால் துணி அவிழ்ந்தால் கண்ணில் பட்டுவிடுமே என்று வேதமுத்து கேட்டான். கோழிக்கு இறகு பிடுங்கி அனுபவப்பட்ட அவன், பாட்டில்களைக் கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்து லேபிள்களை உரித்தான். உரித்ததை அடுப்பில் போட்டார்கள். எரிந்து முடிந்ததும் மூன்று பாட்டில்களும் ஒன்றுபோல நின்றன.

"அண்ணே, இப்ப எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றான் கோதண்டபாணி.

"தெரியக் கூடாதுன்னுதானேடா உரிச்சோம்," என்றார் திருமேனி.

"பேச்சுக்காவது ஒரு அடையாளம் வேணும்ல."

இடது பாட்டில், நடுப் பாட்டில், வலது பாட்டில் என்று சொல்லிக்கொள்வதாக முடிவாயிற்று. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த கோதண்டபாணி, இவர்கள் வலது என்றதை இடது என்றே சாதித்தான். அவனைத் தாஜா பண்ணியும் பயனில்லை, மிரட்டியும் பயனில்லை. கடைசியில் மூவரும் கல்யாணப் பந்தி மாதிரி ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். வழக்கு தீர்ந்தது. யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்குள்தான் காலைச் சாப்பாடு தள்ளிப்போயிற்று.

அடுத்தது காத்தாட விடுவது. வீட்டுக்குள் காற்று எங்கே இருக்கிறது? திருமேனி மூன்று பாட்டில்களையும் திறந்தார். பனிக்காலமாயிற்றே, பாட்டில்களுக்குச் சளி பிடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மப்ளரைச் சுற்றினார்கள். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கு தெரிகிற பாறைக்கு நடந்தார்கள். எதிரே வந்த பால்காரர் நின்று, "என்னுங்க இது?" என்றார்.

"காத்தாடக் கூட்டிட்டுப் போறோம்," என்றார் திருமேனி.

பால்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மூலைக்காட்டில் பால் ஊற்றுகிறவர் அவர், பழகிவிட்டிருந்தது.

பாறையில் பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டு, காற்று எந்தப் பாட்டிலுக்குள் நன்றாகப் போகிறது என்று குனிந்து காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் குரங்கு ஒன்று நடுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. முதலில் முகர்ந்தது. பிறகு கொஞ்சமாக வாயில் விட்டு மெதுவாகக் குதப்பி விழுங்கியது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சற்று யோசித்தது. குலசேகர் சொன்னதை அந்த மலையில் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

வேதமுத்து மடியிலிருந்து எடுத்து எறிந்த வாழைப்பழத்துக்காக அது பாட்டிலைக் கிளையிடுக்கில் வைத்துவிட்டு இறங்கியது. கோதண்டபாணி ஏறி எடுத்து வந்தான்.

"அண்ணே, மூணுல அது இதைத்தான் எடுத்துச்சு. அப்ப இதுதான் ஒசத்தி," என்றான் வேதமுத்து.

திருமேனிக்குச் சுருக்கென்றது. மேனேஜர் வேலைக்குப் போட்டி வந்ததுபோல மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "மாப்ளை நம்மளைத்தான் கேட்டாரு. குரங்கைக் கேட்கலை," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் மடக்கு மூக்குக்கு. மடக்கு என்றால் குடிக்கிற அளவு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூக்கால் எப்படிக் குடிப்பது என்பதுதான் கேள்வி. கோதண்டபாணி பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை வாங்கிவந்தான். வேதமுத்து தலையைப் பின்னால் சாய்த்தான். கோதண்டபாணி வலது பாட்டிலிலிருந்து நிதானமாக ஊற்றினான்.

வேதமுத்து வாசலில் காப்பிக் கொட்டை காயப்போடுகிற களத்தைச் சுற்றி ஓடினான். தும்மினான். மறுபடி ஓடினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட வந்து நின்று, "காரம்," என்றான்.

"வலது பாட்டில் காரம்," என்று திருமேனி மனதில் குறித்துக்கொண்டார். அடுத்தது அவர் முறை. ஊற்றிய மாத்திரத்தில் நெற்றிக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது. ஆனாலும் நாளைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கப்போகிறவர் களத்தைச் சுற்றி ஓட முடியுமா? நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "வாசனை நல்லாத்தான் இருக்கு," என்றார். அதற்கப்புறம் எந்த வாசனையும் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு வாயால் குடித்தார்கள். காட்டமாக இருந்தது. கோதண்டபாணி உடனே ஒரு சொம்பு நீர் மொண்டுவந்தான்.

"அறிவு இருக்காடா உனக்கு?" என்றார் திருமேனி. "மாப்ளை என்ன விடச் சொன்னாரு?"

"தண்ணி."

"நம்ம ஊர்ல ஒருத்தன் தண்ணி போட்டுட்டு வந்தான்னா, அவன் குழாய்த் தண்ணியையா போட்டுட்டு வந்தான்?"

கோதண்டபாணி வெட்கப்பட்டான். இந்த நுட்பம் தனக்கு எட்டவில்லையே என்று சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அரசுக் கடைக்குப் போய் இருப்பதிலேயே மலிவான பிராந்தியில் ஒரு குவார்ட்டர் வாங்கிவந்தான். பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லரால் பாட்டிலுக்கு ஒரு சொட்டு விட்டார்கள். குடித்துப் பார்த்தார்கள். காட்டம் குறையவில்லை. இன்னொரு சொட்டு விட்டார்கள். அப்போதும் குறையவில்லை. விட விட ஏறுகிறதே தவிர இறங்கவில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது. அதனால் இன்னும் வேகமாக விட்டார்கள். குவார்ட்டர் காலியானதும், "அமெரிக்காச் சரக்குன்னா சும்மாவா, தண்ணிக்கே அசையலை பாரு," என்றார் திருமேனி பெருமையாக.

மறுநாள் கம்பளிச் சோதனை. ஒரு மடக்கு உள்ளே போனால் கம்பளியே வேண்டாம் என்றாரே, எந்தப் பாட்டிலுக்கு வேண்டாம் என்று பார்க்க வேண்டாமா? ஆளுக்கொரு பாட்டிலில் ஒரே ஒரு மடக்குக் குடித்தார்கள். சட்டையைக் கழற்றினார்கள். காலைப் பனி களத்தில் முழங்காலுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் நடுவே மூவரும் வெற்றுடம்போடு வரிசையாக உட்கார்ந்தார்கள். யார் முதலில் கம்பளி கேட்கிறாரோ அவர் பாட்டில் தோற்றது.

மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். பிறகு வேதமுத்துவின் பற்கள் தந்தி அடிக்க ஆரம்பித்தன. அவன் ஏதோ சொன்னான்.

"என்னடா சொல்றே? கம்பளியா?" என்றார் திருமேனி. அவருக்கும் வார்த்தை நடுங்கித்தான் வந்தது.

"க... க... க..." என்றான் வேதமுத்து.

"அவன் கதவுன்னு சொல்றாண்ணே," என்றான் கோதண்டபாணி நடுங்கியபடி. "கம்பளின்னு அவன் இன்னும் சொல்லலை. நானும் சொல்லலை. ஆனா நீங்க இப்பச் சொல்லிட்டீங்க."

"நான் கேள்வியாத்தான் கேட்டேன்."

இந்த விவாதம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. காப்பிக் கொட்டை அள்ள வந்த பெண்கள் சாக்குகளைப் போர்த்தி அவர்களை உள்ளே இழுத்துப்போட்டார்கள். போர்த்தியது சாக்குதான், கம்பளி இல்லை. அதனால் மூன்று பாட்டிலும் வென்றதாகத் தீர்ப்பாயிற்று.

திருமேனிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை சாயங்காலம் வந்துவிடுவார். எது உயர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மிளகு குடோனில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. கோட்டும் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி.

"மூணையும் ஒண்ணா வெச்சுப் பாக்கணும்னாரு. அப்பத்தான் வித்தியாசம் புரியும்னாரு," என்றார்.

இட்லிக் குண்டானைக் கொண்டுவந்து மூன்று பாட்டிலையும் அதில் கவிழ்த்தார்கள். குண்டானைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"தெரியுதா?"

"இல்லைண்ணே."

"கலங்கியிருக்கு. தெளியட்டும்."

தெளிந்தது. அப்போதும் தெரியவில்லை. வேதமுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். குண்டானின் அடியில் ஒட்டியிருந்த மாவு மட்டும் தெரிந்தது.

"சரி, திரும்ப ஊத்திடலாம்," என்றார் திருமேனி தளர்ந்துபோய். "எது எந்தப் பாட்டிலுதுன்னுதான் தெரியலை."

"அதுக்கென்னண்ணே கவலை," என்றான் கோதண்டபாணி. "சாயங்காலமானா மாடுங்க அததுக்குன்னு இருக்கற கட்டுத்தறிக்குத் தானாப் போயிடுதில்ல? அஞ்சறிவு மாட்டுக்கே தெரியுது. இது அமெரிக்காவுலருந்து வந்தது."

திருமேனிக்கு உயிர் வந்தது. ஊற்றினார்கள்.

குலசேகர் வந்து இறங்கியபோது திருமேனி கறுப்புக் கோட்டில் நின்றார். பின்னால் மற்ற இருவரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் மொட்டைப் பாட்டில்கள் மூன்று.

"எது ஒசத்தி மச்சான்?"

"நடுப் பாட்டில் மாப்ளே," என்றார் திருமேனி. குரங்கின் கட்சியில் சேர்ந்துவிட்டோமே என்று உள்ளுக்குள் கூசியது. ஆனால் வேறு சாட்சி இல்லை.

குலசேகர் நடுப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். முகம் கோணியது. இடதில் குடித்தார். வலதில் குடித்தார். மறுபடியும் நடுவில் குடித்தார்.

"மூணும் ஒரே மாதிரி இருக்கே. இதுல பிராந்தி வாடை அடிக்குது. இந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது?"

"இட்லி மாவுங்க," என்றான் வேதமுத்து பணிவாக.

திருமேனி நடந்ததை முதலிலிருந்து சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய எதையும் செய்ததாக அவருக்குத் தோன்றவுமில்லை. வெந்நீர், பாறை, குரங்கு, பாலாடை, குவார்ட்டர், சாக்கு, குண்டான். சொல்லச் சொல்லக் குலசேகர் நாற்காலியில் தாழ்ந்துகொண்டே போனார். கடைசியில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து வந்து உங்ககிட்டக் கொண்டாந்து குடுத்தேன் பாருங்க, என்னைச் செருப்பாலயே அடிக்கணும்."

சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் பின்கட்டுக்குப் போனார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தங்கச்சி வீட்டுக்காரராச்சேடா," என்றார் திருமேனி. அவர் குரல் உடைந்திருந்தது. "அவரை எப்படிடா..."

"அவரே வாயால சொல்லிட்டாருண்ணே. இதுவரைக்கும் அவர் சொன்னதுல எதை மீறினோம்?" என்றான் கோதண்டபாணி.

"அடிக்கணும்னுதான் சொன்னாரு. யார் அடிக்கணும்னு சொல்லலையே," என்றான் வேதமுத்து.

"உரிமைன்னு பாத்தா அண்ணன்தான். நாம மூணாம் மனுசங்க. நாம அடிச்சா நல்லா இருக்காது," என்றான் கோதண்டபாணி.

திருமேனி தன் காலைக் குனிந்து பார்த்தார். "என்னுது ரப்பர்ச் செருப்புடா. அமெரிக்காவுலருந்து வந்த மனுசனை ரப்பர்லயா அடிக்கறது? மரியாதையா இருக்குமா?"

வேதமுத்து ஒரே ஓட்டமாகத் தன் வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாதா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற தோல் செருப்பைக் கொண்டுவந்தான். கோதண்டபாணி அதற்குத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தான். வெறுங்கையால் எடுத்துப் போகக் கூடாது என்று பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் வெற்றிலை பரப்பி, நடுவே அந்தச் செருப்பை வைத்தார்கள்.

குலசேகர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். திருமேனி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஓரடி முன்னால் வந்து குனிந்தார்.

"மாப்ளே, உக்காந்துட்டு வாங்கிக்கறீங்களா, இல்ல நின்னுட்டேவா?"